முழுசாச் சொல்லும்

துறைமுகத்தில் பாதுகாப்பு வாரம் கொண்டாடிய பையன்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் பேசினால் போதும் சார் என்றார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். மைக்கை என் கையில் கொடுத்ததுதான் அவர்கள் செய்த தப்பு! பந்தியில் ரசம் ஆறிப்போய், அப்பளம் நமுத்துப்போய், முன்வரிசை அதிகாரிகள் நாற்காலியில் நெளிய ஆரம்பித்த பிறகும் நான் விடவில்லை. வீட்டிலும் இதே புகார்தான். "இந்த மனுசனுக்கு வாயே வலிக்காதா?" என்று என் மனைவி கேட்பாள். வலிக்காது! சின்ன வயசில் பேசாமல் சேர்த்துவைத்தது இன்னும் தீரவில்லை.

இப்போதும் எனக்குத் திக்கும். அது பாட்டுக்குத் திக்கும், நான் பாட்டுக்குப் பேசுவேன்.

கூட்டம் முடிந்ததும் கிரேன் ஓட்டும் ஒரு பையன் வந்து கேட்டான்: "வாக்கிடாக்கி கூட இல்லாம, வெறும் கையை நம்பியா சார் அம்புட்டுப் பெரிய பெட்டியைத் தூக்குனீங்க?" "கையை நம்பி இல்லப்பா, ஆளை நம்பி" என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் பிடித்துக்கொண்டான். அதனால்தான் இது. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று மூக்கைச் சிந்த நான் வரவில்லை. இன்றைக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, திரையில் பார்த்து, காதில் கேட்டு வேலை செய்கிறார்கள். ரொம்ப ரொம்ப சந்தோஷம்! எங்கள் காலத்தில் கையும் காலும் ஒடிந்தவர்களை எனக்குத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் ஆதிச்சநல்லூர்ப் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு நெல் கிராமம். பெயர் பரமசிவன். இதை இப்படி ஒரே வரியில் எழுதிவிட எவ்வளவு சுகமாக இருக்கிறது! என் வாயால் இந்தப் பெயரைச் சொல்ல நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 'ப'வும் உயிரெழுத்துகளும் எனக்கு எமன். தொண்டையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிடும்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். விருந்தாளி வந்தால் சித்தப்பாவுக்கு நான்தான் பொழுதுபோக்கு. "ஏலே, இங்கன வா. மாமாவுக்கு ஒம் பேரச் சொல்லு" என்பார். நான் "ப... ப... ப..." என்று நிற்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிடும், தன் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறதே என்று. பனைமட்டை எடுப்பார். நாக்கு தடித்திருக்கிறது என்று யாரோ சொல்ல, வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வைக்கோல் படப்புக்குள் பாம்பு ஒன்று புகுந்ததைப் பார்த்தேன். பக்கத்திலேயே கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது. ஓடிப்போய் சித்தப்பா முன்னால் நின்று "பா... பா..." என்றேன். "பாலா? தொரைக்குப் பாலு கேக்குதோ இந்நேரத்துல?" என்று அறைந்தார். நான் மறுபடி "பா..." என்றேன். மறுபடி அறை. சாயங்காலம் கன்று வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தாயே பாவி என்று அதற்கும் அடி! அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. திக்குவது கூடப் பெரிய கஷ்டம் இல்லை. நம் வார்த்தையை அடுத்தவன் பிடுங்கித் தன் இஷ்டத்துக்கு முடித்துவைக்கிறான் பாருங்கள், அதுதான் கஷ்டம். அதோடு வாயை மூடினேன். மீசை முளைத்ததும் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன்.

நான் வந்த நேரம் ஊரே திருவிழாக் கோலத்தில் இருந்தது. அதுவரை கப்பல்கள் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தான் போய்ச் சரக்கை வாங்கி வரும். இப்போது புதுத் துறைமுகம் திறந்து, கப்பல் கரையிலேயே வந்து ஒட்டி நிற்கிறது! அதைப் பார்க்க ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆள் வேண்டும் என்றார்கள். சரக்கு இறக்கும் கூட்டத்தில் ஒருவனாக நானும் சேர்ந்தேன். மூட்டை தூக்க, கயிறு கட்ட, கடப்பாரை போட என்று தொழில் படிந்தது. தூக்குகிறவன் பேசவேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. என்னைத் 'திக்கு' என்று கூப்பிட்டார்கள். பெயர் சொல்லும் வேலை மிச்சம் என்று அதற்கும் திரும்பிப் பார்த்தேன்.

வேலை எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கப்பலின் வயிற்றில் சரக்கு அடுக்கும் ஆழமான பள்ளத்துக்கு ஹேட்ச் என்று பெயர். மேலே டெக்கில் வின்ச். இரும்புக் கயிற்றைச் சுற்றிச் சரக்கைத் தூக்கும் இயந்திரம். அதை ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பள்ளத்துக்குள் எதுவும் தெரியாது. அதனால் பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் நின்று, உள்ளேயும் பார்த்து, வின்ச்காரரையும் பார்த்து, கையால் சைகை காட்டுவார். அவர் சிக்னல்மேன். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்க வேண்டும். முஷ்டி பிடித்தால் அப்படியே நிறுத்த வேண்டும். வாயால் சொல்வதானால், தூக்குவதற்கு 'ஆபேஸ்', இறக்குவதற்கு 'ஆரியா'. எந்தத் தேசத்துச் சொற்களோ, கப்பலேறி வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டன. ஆனால் வின்ச் போடுகிற இரைச்சலில் வாய் எங்கே எடுபடும்? எல்லாம் கைதான்.

எங்கள் ஃபோர்மேன் சாமுவேல் சார். நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். வயசு ஒன்றும் அதிகமில்லை, முப்பது தாண்டியிருப்பார். ஆனால் நடப்பு எல்லாம் தலைமை ஆசிரியர் மாதிரி. வெயில் கொளுத்தும் டெக்கில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டுதான் நிற்பார். காலர் அழுக்காகக் கூடாது என்று கழுத்தைச் சுற்றி மடித்த கைக்குட்டை. கத்தவே மாட்டார். கப்பல் வேலை முடிகிற அன்றைக்கு மட்டும் ஒரு பெரிய பொட்டலம் முந்திரி மக்ரூன் மிட்டாய் வாங்கிவந்து, வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கை கொடுப்பார். அதிலும் வரிசை கலைந்தால் கிடையாது!

ஒருநாள் பள்ளத்துக்குள் இரும்புக் கயிற்றில் ஒரு புரி அறுந்திருப்பதைப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன். "இ... இ... இ..." இரும்பு என்ற முதல் சொல்லே வரவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "இட்லியா?" "இருமலா?" ஒரே சிரிப்பு. சாமுவேல் சார் சிரிக்கவில்லை. இரக்கப்படவும் இல்லை, அதுதான் விசேஷம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை உருவினார். இந்தக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார், அந்தக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"முழுசாச் சொல்லும். நீர் பாதி சொன்னா நான் பாதி கேட்டவனா ஆயிருவேன். எனக்கு அது ஆகாது."

நான் முழுசாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. சொல்லி முடித்தேன்! அவர் வேலையை நிறுத்தி, கயிற்றைத் தானே பார்த்து, மாற்றச் சொன்னார். ஒரு வார்த்தை பாராட்டு கிடையாது. நான் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, சத்தியமாக சந்தோஷத்தில். பிறந்ததிலிருந்து ஒரு மனுஷன் என் வார்த்தை முடியும்வரை காத்திருந்தது அதுதான் முதல் தடவை. பிற்பாடு நானும் ஃபோர்மேன் ஆனேன். என் முன்னால் யாராவது தடுமாறினால், பயத்திலோ, புதுசாக வந்த கூச்சத்திலோ, நான் கண்ணாடி துடைப்பேன். கண்ணாடி போடாத வயசில் கைக்கடிகாரத்தைத் துடைத்தேன்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கூட்டத்தின் சிக்னல்மேன் அந்தோணி அண்ணாச்சி. கடற்கரைக்காரர். இளவயசில் முத்துக்குளிக்கப் போனவர். கடலுக்குள் இறங்குமுன் நெற்றியில் கைவைத்து ஒரு சிலுவை, மூச்சுமுட்டி மேலே வந்ததும் ஒரு சிலுவை என்று பழகிய கை. உயிர் பிழைத்தோம் என்று தோன்றினால் போதும், அது தானாக நெற்றிக்குப் போய்விடும். வின்ச்காரர் இசக்கிமுத்து அண்ணன். எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆள், என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். இவர் வீட்டுத் தயிர்ச்சோறும் அவர் வீட்டுப் பாறைமீன் குழம்பும் மதியம் ஒரே தட்டில்தான் கலக்கும். அப்படி ஒரு சிநேகம்.

ஒருநாள் மரத்தடிகள் தூக்கினோம். பாதி உயரத்தில் கட்டு நழுவியது. அந்தோணி அண்ணாச்சி சட்டென்று முஷ்டி பிடித்தார், இசக்கி அண்ணன் நிறுத்தினார், கீழே நின்றவர்கள் ஓடித் தப்பித்தார்கள். பிழைத்தோமடா சாமி! அந்தோணி அண்ணாச்சியின் கை நெற்றிக்கு உயர்ந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த இசக்கி அண்ணனுக்கு, கை மேலே போனது மட்டும்தான் தெரிந்தது. தூக்கச் சொல்கிறார் என்று லீவரை இழுத்துவிட்டார். தொங்கிய தடிகள் வீசி அடித்து, தப்பி ஓடி ஓரமாய் நின்ற பெரியதாழை ஊர்க்காரர் ஒருவருக்குக் கால் ஒடிந்தது.

யாரைக் குற்றம் சொல்வீர்கள்? சாமியைக் கும்பிட்டவரையா? கையைப் பார்த்துக் கடமையைச் செய்தவரையா? கால் ஒடிந்தவர் தேறி, பிற்பாடு சரக்கு ஷெட்டில் வேலைக்கு வந்துவிட்டார். இவர்கள் இரண்டு பேரும்தான் தேறவில்லை. அந்தோணி அண்ணாச்சி இனிமேல் விளிம்பில் நிற்கமாட்டேன் என்று பள்ளத்துக்குள் கயிறு கட்டப் போய்விட்டார். இசக்கி அண்ணன் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டார். ஒரு தட்டு இரண்டு தட்டாயிற்று. அதைவிட மோசம், லீவரைத் தொட்டால் அண்ணனுக்குக் கை நடுங்கியது. யார் சைகை காட்டினாலும் நம்பிக்கை வராது. ஒரு தரம் பார்ப்பார், இன்னொரு தரம் பார்ப்பார், சரக்கு அந்தரத்தில் தொங்கும். "என்னவே, தூங்குதீரா?" என்று கீழேயிருந்து கத்துவார்கள். நடுக்கம் இன்னும் கூடும்.

சரக்கு இறக்கும் ஒப்பந்தக் கம்பெனிக்காரர்கள் சாமுவேல் சாரிடம் வந்து, இந்த ஆளை மாற்றுங்கள், மூட்டை தூக்கப் போகட்டும் என்றார்கள். சார் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். "வாற கப்பல் ஒண்ணு பாக்கேன். அதுலயும் இப்படின்னா மாத்திருதேன்" என்றார். இயந்திரப் பெட்டிகள் வரும் கப்பல் அது. அதில் தேறினால் இசக்கி அண்ணனுக்கு வின்ச் உண்டு. இல்லையென்றால் அவ்வளவுதான். அவருக்கு அந்த வேலை என்றால் உயிர்.

ஆனால் அவருக்கு சிக்னல் காட்ட யார் நிற்பது? சார் கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. நடுங்குகிற ஆளோடு நின்று யார் பழியை ஏற்பார்கள்? எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "பாலா?" என்று சித்தப்பா கேட்ட முகம் நினைப்பு வந்தது. அந்தோணி அண்ணாச்சியின் கையையும் இப்படித்தானே பாதியிலேயே பிடுங்கி முடித்தார்கள்? நான் கையைத் தூக்கினேன். கூட்டம் சிரித்தது. "திக்குவாயன் சிக்னலா!" சாமுவேல் சார் என் கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"தூக்கிட்டீரு. சரி. இன்னையிலயிருந்து இந்தக் கையை அனாவசியமாத் தூக்கப்பிடாது. வேர்வை வழிஞ்சா வழியட்டும். மூக்குல ஈ உக்காந்தா உக்காரட்டும். வேலை இல்லாதப்ப கை முதுகுக்குப் பொறத்தால இருக்கணும்."

அட, எனக்கு வந்த உற்சாகம்! அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. இருபது வயசு தாண்டியவனுக்கு முதன்முதலாகப் பேச ஒரு பாஷை கிடைத்திருக்கிறது, அதில் திக்கவே திக்காது! சலூன் கண்ணாடி முன்னால் போய் நின்று விரலைச் சுற்றுகிறேன், கையைத் தாழ்த்துகிறேன், முஷ்டி பிடிக்கிறேன். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "தம்பி, வீட்டுல ஆராச்சும் இருக்காகளா, சொல்லி விடட்டா?" என்று கேட்டார்.

கப்பல் வந்தது. முதல் நாள் படுமோசம். நான் காட்டுவேன், அண்ணன் பார்ப்பார், லீவரில் கைவைப்பார், எடுத்துவிடுவார். மதியம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வின்ச் மேடைக்கு ஏறினேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னத்துக்குலே வந்த? என்கூட நின்னு ஒனக்கும் கெட்ட பேரு" என்றார்.

நான் பாம்பு கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத கதை. திக்கித் திக்கி, கன்றுக்குட்டி செத்தது வரைக்கும் சொன்னேன். அவர் நடுவில் ஒரு தடவை "கீரிப்பிள்ளையா?" என்று முடித்துவைக்கப் பார்த்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் காத்திருந்தார்.

"எ... எண்ணே, நான் பாதி காட்டுனா நீங்க அசையாதீங்க" என்றேன். "நான் காட்டுததை நீங்க எ... எடது கையால திருப்பிக் காட்டுங்க. நான் தலைய ஆட்டுனா மட்டும் லீவரத் தொடுங்க. அதுவரைக்கும் எவன் கத்துனாலும் ச... சரி."

"நேரம் ஆகும்லே. கத்துவானுவ."

"எ... என் பேரச் சொல்ல ஆ... ஆகுத நேரத்தவிடக் கம்மிதான்!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் என் திக்கலை வைத்து நானே விளையாடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு அவர் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த நாளிலிருந்து பார்க்கவேண்டுமே! நான் விரலைச் சுற்றுவேன், அவர் மேடையிலிருந்து இடது கையால் சுற்றுவார், நான் தலையாட்டுவேன், பெட்டி எழும்பும். "ரெண்டு பேரும் பரதநாட்டியம்லா ஆடுதானுவ" என்று கீழே கேலி. ஆடினோம்! போகப்போக இடைவெளி குறைந்தது. என் விரல் சுற்றி நிற்கும்போதே அவர் கை திரும்பக் காட்டி முடித்திருக்கும். நடுக்கம் ஒரேயடியாகப் போகவில்லை, ஆனால் லீவர் வரைக்கும் அது வரவில்லை. ஒரு பெட்டியை லாரியில் வைத்தபோது சத்தமே எழவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார், இடது கையால்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என்னாலும் ஒருத்தரைத் தூக்கி நிறுத்த முடியும் என்பது, அடிவாங்கி வளர்ந்தவனுக்கு, லேசில் நம்பக்கூடிய சங்கதியா?

கடைசியாக மிஞ்சியவற்றில் ஒரு பெரிய பெட்டி. காலை நேரம். எங்களூரில் சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் ஏறி வரும். பள்ளத்துக்குள் கயிறு கட்டியவர் அந்தோணி அண்ணாச்சி. பெட்டி ஒரு சாண் எழும்பியது. எதிலோ சிக்கியிருந்தது போல, திடீரென்று விடுபட்டுப் பக்கவாட்டில் வீசியது. உள்ளேயிருந்து ஓர் அலறல். நான் முஷ்டி பிடித்தேன், இசக்கி அண்ணன் அந்தக் கணமே நிறுத்தினார். வின்ச் அடங்கியது.

நான் நின்ற இடத்திலிருந்து அந்தோணி அண்ணாச்சி தெரியவில்லை. சுற்றி ஓடிப்போய் எதிர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். ஐயோ! கப்பலின் இரும்புச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நெஞ்சோடு அழுத்தி நிற்கிறார். முகம் கறுத்துவிட்டது. இரும்புக் கயிறு நேராக இல்லை, சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. தூக்கினால் பெட்டி இன்னும் சுவரை நோக்கித்தான் போகும், ஆள் நசுங்கிவிடுவார். இறக்கினால் பெட்டி தரையில் உட்காரும், இழுப்பு விடும், கடப்பாரை போட்டு நகர்த்திவிடலாம். இறக்க வேண்டும்!

உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்திக் காட்டினேன். இசக்கி அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தடுமாறினார். "கை தெரியலலே! கண்ணு கூசுது!" அப்போதுதான் உறைத்தது. என் முதுகுக்குப் பின்னால் கடலும் சூரியனும். நான் அவருக்கு வெறும் நிழல்.

அதற்குள் டெக் முழுக்க ஆட்கள். "தூக்கு! தூக்குலே!" "ஆபேஸ்! ஆபேஸ்!" மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், ஆள் மாட்டியிருக்கிறார், தூக்கினால் விடுபடுவார் என்று. இடத்தை மாற்றி ஓட நேரமில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"ஆ... ஆ... ஆ..."

அடைத்துக்கொண்டது. சித்தப்பா வீட்டு முற்றத்தில் விருந்தாளிகள் முன்னால் அடைத்த அதே அடைப்பு. 'இறக்கு' என்று மாற்றிச் சொல்லலாம் என்றால் அதுவும் உயிரெழுத்து! என் 'ஆ'வைப் பிடுங்கிக்கொண்டு நாலு பேர் "ஆபேஸ்! ஆபேஸ்னுதான் சொல்லுதான்!" என்று கத்தினார்கள். பாம்பைப் பால் ஆக்கியது போலவே! இசக்கி அண்ணனின் கை லீவரில் இருக்கிறது. இழுத்துவிடுவார், இதோ இழுத்துவிடுவார்!

அவர் இழுக்கவில்லை. லீவரை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"எல்லாவனும் வாயப் பொத்துங்கலே! அவன் முடிக்கட்டும்!"

கடல் சத்தம் கேட்டது. சாமுவேல் சார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது. அடப்பாவி மனுஷா, இந்த நேரத்திலா துடைப்பீர்! ஆனால் அதைப் பார்த்ததும் தொண்டைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"ஆ... ஆ... ஆரியா!"

"ஆரியாவா?" என்று திருப்பிக் கேட்டார் அண்ணன்.

"ஆரியா! மெ... மெள்ள!" தலையை ஆட்டினேன், அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

பால் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பதுபோல அந்தப் பெட்டியை இறக்கினார். தரை தொட்டது. கயிறு தொய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் கடப்பாரை போட்டு நெம்ப, அந்தோணி அண்ணாச்சி சரிந்து கீழே உட்கார்ந்து, "ஹா" என்று ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. நான் கத்தினேன், குதித்தேன், பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்தேன், அவன் யார் என்று இன்றுவரை தெரியாது!

இசக்கி அண்ணனிடம் ஓடினேன். "எ... எப்பிடிண்ணே? அவ்வளவு பேரு ஆபேஸ்னு கத்துனானே?"

"அத்தன பேருல எவன் சொல்லுதது சரின்னு எனக்கு என்னலே தெரியும்? திக்கிச் சொன்ன கொரலு ஒண்ணுதான். அது எந்தக் கூட்டத்துலயும் ஒன் கொரலுதான். அது முடியட்டும்னு நின்னேன்" என்றார். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

எந்தக் குறைக்காக நாக்கைச் சுட்டார்களோ, அதை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் இன்னொரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள்?

அந்தோணி அண்ணாச்சியை ஏணியில் தாங்கி மேலே கொண்டுவந்தார்கள். விலாவில் நல்ல அடி, மற்றபடி முழு ஆள். டெக்கில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சத்தம் கேட்டு அதிகாரி ஒருவர் படியேறி வந்து, "சிக்னல் யாரு? உம்ம பேர் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ப... ப..."

"பழனியா? பால்ராஜா?"

"சார்," என்றார் சாமுவேல் சார், "அவர் முழுசாச் சொல்லுவார்."

எல்லாரும் நின்றார்கள். விருந்தாளிகள் போல இல்லை. ஒரு முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் அவசரப்படவில்லை.

"ப... ப... பரமசிவன்."

அதிகாரி தலையை அசைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அந்தோணி அண்ணாச்சி மெல்ல எழுந்து நின்றார். கடலைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டார். முத்துக்குளித்த கை பழக்கம் மாறாமல் சிலுவை போட நெற்றியை நோக்கி உயர்ந்தது. பாதியில் அவருக்கே நினைவு வந்துவிட்டது போல. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. திரும்பி வின்ச் மேடையைப் பார்த்தார்.

இசக்கி அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளாகப் பார்க்காத முகம். பிறகு லீவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"நான் கைய எடுத்துட்டேன், அண்ணாச்சி," என்றார். "போடும். முழுசாப் போடும்."